புதுப்பிப்பு: நேட்டிவிட்டி சான்றிதழ் விஷயம்

அக்கா மகளின் கல்லூரியில் நேட்டிவிட்டி சான்றிதழ், அதாவது கேரளத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று, கேட்டு அலையவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். நல்லபடியாக முடிந்தது.

இங்கே பலரும் சொன்ன 2021 அக்டோபர் மாத கேரள அரசு முடிவுதான் கைகொடுத்தது. கேரளத்தில் பிறந்ததற்கான சான்றிதழ், இல்லையென்றால் கேரளத்தில் ஐந்து ஆண்டு படித்ததற்கான ஆவணம், கூடவே நாமே எழுதித் தரும் உறுதிமொழி. இவை இருந்தால் நேட்டிவிட்டி தனியாக வேண்டாம். எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் நிறையப் பிள்ளைகள் பொள்ளாச்சி, கோவை ஆஸ்பத்திரிகளில்தான் பிறக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் "தமிழ்நாடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஐந்து ஆண்டு விதி இவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அட்மிஷன் பிரிவு கிளார்க் சேச்சி உத்தரவு நகலை வரி வரியாகப் படித்தார். நோட்டீஸ் போர்டில் இருந்த பழைய பட்டியலை எடுத்து வந்து, நேட்டிவிட்டி கேட்கும் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு மறுபடி ஒட்டினார். அடுத்து வரும் பிள்ளைக்கும் அது உதவும் என்பதில்தான் எனக்குச் சந்தோஷம். நகல்களில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்தும் கேட்கவில்லை. நாமே கையெழுத்திட்டுத் தரும் சுயசான்றே போதும் என்பதும் அதே முடிவில் இருக்கிறது.

அப்புறம், தமிழில் மனு கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. படிவங்களும் தமிழில் கிடைக்க வேண்டும். அதற்கான மனுவைத் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.