புதுப்பிப்பு: இம்பீரியல் எம்எஸ்சி, ஏடாஸ் சான்றிதழ் வந்தது, விசாவும் வந்துவிட்டது

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மெட்டீரியல்ஸ் எம்எஸ்சிக்கு நிபந்தனையுடன் ஆஃபர் வந்திருக்கிறது, ஏடாஸுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா, டிகிரி மார்க் வரும்வரை காத்திருக்கணுமா என்று மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"காத்திருக்காதே, நிபந்தனை ஆஃபரே போதும்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. ஏடாஸ் என்பது சில அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை தரும் அனுமதி. கட்டணம் கிடையாது, ஆனால் அது கையில் இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. ஆஃபர் கடிதத்தோடு பாடப் பட்டியலையும் கொடுத்தேன், ஏழு வாரத்தில் வந்தது. ஜூலையில் மார்க் வந்தபின் போட்டிருந்தால் செப்டம்பர் தாண்டியிருக்கும்.

சறுக்கியது பணத்தில். விசாவுக்குக் காட்ட வங்கிக் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டிய தொகை, அப்பா எடுத்த ஒரு சின்னத் தொகையால் ஒரே ஒரு நாள் குறைந்தது, சரி போகட்டும் என்று விட முடியாது, முதலிலிருந்து எண்ணினோம்.

அப்புறம் எதிர்பாராதது ஒன்று: படிப்பு ஒரு வருடம்தான், ஆனால் விசா அதற்கு மேலும் சில மாதம் நீள்வதால் வருடத்துக்கு 776 பவுண்டு என்று விசாவோடு கட்டும் அரசு மருத்துவச் சேவைக் கட்டணத்தை ஒன்றரை வருடத்துக்கு, 1,164 பவுண்டாகப் பிடித்தார்கள்.