மலை சைக்கிளைக் காரில் கொண்டுசெல்ல எந்தக் கேரியர் ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் வசிக்கும் நான், என் மலை சைக்கிளைக் காரில் ஏற்றிக் கோத்தகிரிக்கும், சில வேளைகளில் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கும் கொண்டுசெல்ல விரும்புகிறேன். எந்தக் கேரியர் பாதுகாப்பானது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சைக்கிள் 29 அங்குலச் சக்கரமும் கார்பன் பிரேமும் கொண்டது. கார் சிறியது, கூரையில் நீளவாட்டுக் கம்பிகளோ பின்புறம் இழுவைக் கொக்கியோ இல்லை.

டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் கேரியர் விலை குறைவுதான். ஆனால் சைக்கிள் அதில் மேல்குழாயைப் பற்றித் தொங்குவதால், கொண்டை ஊசி வளைவுகளில் ஊசலாடி, பெடல் காரின் பெயிண்ட்டை உரசும். பட்டையோ பிடியோ இறுக்கும் இடத்தில் கார்பன் குழாய் விரிசல் விடவும் கூடும். அதைவிடப் பெரிய கவலை, நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைவது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால், பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு அந்தச் சிவப்பு விளக்குதானே அடையாளம்!

ஆகவே, பிரேமைத் தொடாமல் இரு சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கூரைக் கேரியரே நல்லது என்று நினைக்கிறேன். முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் கவையை (போர்க்) பூட்டும் மற்றொரு வகைக் கூரைக் கேரியரில், டிஸ்க் பிரேக் பேட்களுக்கிடையே ஒவ்வொரு முறையும் தடுப்புத்துண்டு செருக வேண்டியிருக்கிறது.

கூரைக் கேரியரைத் தாங்குவதற்காகக் கதவு விளிம்பைக் கவ்வும் குறுக்குக் கம்பிகள், மழையிலும் தொடர் வளைவுகளிலும் நழுவாமல் நிற்கின்றனவா? கோவையில் இவற்றை முறையாகப் பொருத்தித் தருபவர்கள் உண்டா? இத்தகைய காரில் பயன்படுத்துவோர், கவ்வும் இடம் தெரியும்படி ஒரு படமும் இட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.