பத்து செக்கன் முதலே பூகம்பத்தைச் சொல்லுற ஏஐ: உண்மையோ, புழுகோ?

வல்லிபுரத்தான்: வட்சப்பிலை ஒருத்தர் குரல் பதிவு விட்டிருக்கிறார். "டீப் லேர்னிங் வந்திட்டுது, பூகம்பம் வர பத்து செக்கனுக்கு முதலே ஏஐ சொல்லிப்போடும், யாழ்ப்பாணம் பயப்பிடத் தேவையில்லை" எண்டு. கேக்கப் பத்திக்கொண்டு வருது. 2018இலை வந்த ஃபேஸ்நெட், பழைய பதிவுகளைப் பாத்துப் பழகின டீப் லேர்னிங் நிரல்; அது செய்யிறது, நில அதிர்வுப் பதிவிலை பி அலை (முதல்ல வாற வேகமான அதிர்வு) எங்கை தொடங்குது, எஸ் அலை (பிந்தி வந்து பலமாக் குலுக்கிறது) எங்கை தொடங்குது எண்டு குறிக்கிற வேலை. நிலம் அதிர்ந்தாப் பிறகுதான் அதுக்கு வேலையே!

கொக்குவில்_கீபோர்ட்: பதிவு விட்டது நான்தான் அண்ணை, பேரைச் சொல்லியே பேசலாமே. பி அலை செக்கனுக்கு 6 கிலோமீற்றர், எஸ் 3.5. பூகம்பம் 84 கிலோமீற்றர் தள்ளியிருந்தா, பி வந்து எஸ் வரமட்டும் இடைவெளி 10 செக்கன். கணக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும்.

வல்லிபுரத்தான்: "வர முதல்" எண்டுதானே சொன்னனீர்? அதை விடும். ஃபேஸ்நெட் 30 செக்கன் பதிவுத் துண்டை வாசிக்கும், அதே மாதிரி நிரல் ஈக்யூ ட்ரான்ஸ்ஃபோமர் 60 செக்கன். உம்மட பத்து எங்கை?

கொக்குவில்_கீபோர்ட்: துண்டு நகர்ந்துகொண்டே போகும், அதிலை முக்கால்வாசி பழைய பதிவாயும் இருக்கலாம். முழுக்க நிரம்புமட்டும் ஆர் காத்திருக்கிறது? பத்து பத்துத்தான்.

கரவெட்டி மாஸ்டர்: பிள்ளையள், 2004 மார்கழி 26 சுமத்திராப் பூகம்பத்துக்குப் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 15ஆம் நிமிசமே அறிவித்தல் விட்டது, அளவு 8.0 எண்டு. பிறகுதான் 9.1 எண்டு தெரிஞ்சது. எங்கட கிழக்குக் கரைக்குக் கடல் வர ரெண்டு மணித்தியாலம் கிடந்தது. மருதங்கேணிச் சனத்துக்குச் சொல்ல ஒருத்தருமில்லை. நீங்கள் பத்து செக்கனுக்கு அடிபடுறியள்.

வல்லிபுரத்தான்: மாஸ்டர், நீங்கள் எந்தக் கதைக்குள்ளையும் சுனாமியைக் கொண்டருவியள். சுமத்திராவிலை அதிர்ந்தா பி அலை இஞ்சை வரவே நாலு நிமிசம் போகும். அப்ப பத்து செக்கன் ஆருக்கு? தம்பி பதில் சொல்லட்டும்.

ஸ்காபரோத் தமிழன்: 2022இலை நேச்சர் சஞ்சிகையிலை வந்ததை ஒருத்தரும் வாசிக்கேல்லையோ? பாறை பெருசா அசையேக்கை ஈர்ப்பு விசையிலை ஏற்படுற சின்ன மாற்றம் பி அலைக்கு முதலே ஒளி வேகத்திலை வரும், அதை டீப் லேர்னிங் பிடிக்குது. 2011 ஜப்பான் பூகம்பத்தின்ர பதிவிலை ஓட்டிப் பாத்தவை. அண்டைக்கு ஜப்பான்காரர் முதல்ல 7.9 எண்டவை, பிறகு 9.0.

கொக்குவில்_கீபோர்ட்: பாத்தியளோ, பி அலைக்கும் முதல்!

வல்லிபுரத்தான்: அதுவும் நிலத்துக்கடியிலை பாறை பிளக்கத் தொடங்கினாப் பிறகுதான். அதோடை எட்டுக்கு மேலை போற ராட்சதப் பூகம்பத்துக்குத்தான் சரிவரும். ஸ்காபரோக்காரர் தலைப்பை மட்டும் வாசிச்சிருக்கிறார் போல.

ஸ்காபரோத் தமிழன்: மரியாதையாக் கதையுங்கோ. நான் கம்பசிலை இதைத்தான் படிச்சனான்.

வல்லிபுரத்தான்: போன முறை சுன்னாகத்துக் கிணத்துக் கதையிலும் கம்பஸ் எண்டுதான் வெருட்டினனீர், பிறகு ஆளைக் காணேல்லை. தம்பி, இன்னொருக்காக் கேக்கிறன்: அந்த 84 கிலோமீற்றருக்கு அங்காலை உம்மட நில அதிர்வுக் கருவி எங்கை கிடக்கு? கண்டிக்குப் பக்கத்திலை இருக்கிற பல்லேகலையோ? பல்லேகலை எங்கை, பருத்தித்துறை எங்கை?

கொக்குவில்_கீபோர்ட்: கருவி இல்லாதது ஏஐயின்ர பிழையே? மாஸ்டருக்கு முதல்ல பதில் சொல்லுங்கோ.

கரவெட்டி மாஸ்டர்: எனக்கு ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்லை. முதல்ல ஊர்ச் சைரன் வேலை செய்யுதோ எண்டு பாருங்கோ.

வல்லிபுரத்தான்: சைரன் வேறை கதை. பத்து செக்கன் எங்கை?