ரப்பர் படகுக்கு மின் மோட்டார்: 55 பவுண்டு போதுமா?

திருநகர்வாசி:
மண்டபம் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்) நண்பரோடு சேர்ந்து வாங்கிய சின்னப் பாய்மரப் படகு நங்கூரத்தில் நிற்கிறது. கரையிலிருந்து 300 மீட்டர். போய்வர 2.7 மீட்டர் ரப்பர் படகு உண்டு, இப்போதைக்குத் துடுப்புதான். 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுவிசை மோட்டார் போதுமா? இல்லை, காசைக் கொட்டி ஒரு கிலோவாட் அவுட்போர்டு வாங்கணுமா?

கம்மாய்க்காரன்:
தாராளமாகப் போதும் அண்ணே. எங்கள் கண்மாயில் நான் ஓட்டுவதும் இதுதான். முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும், அதாவது 600 வாட். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும், எடை 12 கிலோ பக்கம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தூக்கவே ஆள் வேண்டும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசும் குறையும்.

பாம்பன்பக்கம்:
கண்மாய்க் கணக்கைக் கடலில் போடாதீங்க தம்பி. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆள் ஏமாறுவது. காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். ரப்பர் படகு தண்ணீருக்குள் இறங்கி நிற்காது, மேலே மிதப்பதால் காற்று சுலபமாக வாரிக்கொண்டு போகும். மோட்டார் நின்றால் எதிரே வருகிற வத்தைக்காரர் (சிறு மரப்படகுக்காரர்) பார்த்தால்தான் உண்டு. அப்புறம், விற்கிறவர்கள் ‘3 குதிரைத்திறன்’ என்று போடுவார்கள். 600 வாட் ஒரு குதிரைத்திறன்கூட இல்லை.

கம்மாய்க்காரன்:
மோட்டார் நின்றால் ஒரு கிலோவாட்டும் அதே கதிதானே? அந்த வகையான டொர்க்கீடோ 1103 மோட்டாரின் பேட்டரி 915 வாட்-மணி. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் வராது. நான் சொன்ன லித்தியம் பேட்டரி 1,280 வாட்-மணி. வேகம் இருமடங்கு வேண்டுமென்றால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும், 300 மீட்டருக்கு அது எதற்கு?

பாம்பன்பக்கம்:
வேகத்தை யார் கேட்டது? எதிர்காற்றில் முன்னேறுமா என்பதுதான் என் கேள்வி. சரி, பட்ஜெட் இடிக்கிறது என்றால் 55 பவுண்டே வாங்குங்கள், ஆனால் உப்புத்தண்ணீருக்கென்று செய்த, துத்தநாக அனோடு (மோட்டாருக்குப் பதில் தான் அரிந்துபோகும் துண்டு) உள்ள மாடலாக இருக்கட்டும். ஐந்து படி சுவிட்ச் வேண்டாம், குறைந்த வேகத்தில் மின்சாரம் சூடாகவே வீணாகும். படியில்லாமல் கூட்டிக் குறைக்கிற வகை நல்லது. பேட்டரி முனையருகே 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். வாரம் ஒரு முறை ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். தூண்டில் நரம்பு அதன் பின்னால் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிட்டால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

கம்மாய்க்காரன்:
நரம்பு விஷயத்தில் மட்டும் அண்ணன் சொல்வது சரி.

திருநகர்வாசி:
பின்பலகை உயரம் 15 அங்குலம். மோட்டார் தண்டு 36 அங்குலம் எடுக்கவா?

பாம்பன்பக்கம்:
30 போதும். கரையோரம் ஆழமில்லை, தரை தட்டும். தண்டை இறுக்கிப் பிடிக்கும் காலரைத் தளர்த்தி மேலே ஏற்றிக்கொள்ளலாம். துடுப்பையும் படகிலேயே போட்டு வையுங்கள்.