சிக்னலில் நிற்கும் பஸ்ஸின் ஓரமாக சைக்கிள் முன்னே போகலாமா?

கேள்வி: பஸ்ஸுக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் நுழைய இடம் இருக்கிறது. போகலாமா? நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை எப்படித் தாண்டுவது?

பதில் 1: போகவே கூடாது. பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். 12 மீட்டர் நீள பஸ்ஸில் இந்த விலகல் 1 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நீங்கள் நிற்கும் சந்து அப்படியே மூடிக்கொள்ளும், தப்பிக்க வழியே இருக்காது. பின்னாலேயே நில்லுங்கள், பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிகிற இடத்தில். அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

பதில் 2: ஓட்டுநர் தரப்பிலிருந்து: பஸ்ஸின் மூக்குக்கு நேர் கீழேயும் எங்களுக்குத் தெரியாது. முன்னால் நிற்க நேர்ந்தால் 2, 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நிறுத்தத்தில் கதவு மூடினாலோ இண்டிகேட்டர் எரிந்தாலோ தாண்டாதீர்கள், வண்டி கிளம்பப்போகிறது. கதவுப்பக்கம் வேண்டவே வேண்டாம், ஆட்கள் இறங்குவார்கள். மறுபக்கமாக, பின்னால் திரும்பிப் பார்த்து, 1 மீட்டராவது விட்டுத் தாண்டுங்கள்.

பதில் 3: ஓட்டுநர்களுக்கும் ஒன்று. முந்தும்போது 1.5 மீட்டர் விடுங்கள். பஸ்ஸின் வால் சைக்கிளைத் தாண்டியதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே ஓரம் ஒதுங்குங்கள். அடுத்த நிறுத்தம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் முந்தவே வேண்டாம்.