கான்கிரீட்டில் சோடியம் குளுக்கோனேட் சேர்க்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரத்திற்கு லாரியில் அனுப்பும் கான்கிரீட் வழியிலேயே இறுகத் தொடங்குகிறது. சோடியம் குளுக்கோனேட் சேர்க்கச் சொல்கிறார்கள். அமிலத்தின் உப்பாயிற்றே, கம்பியை அரிக்காதா, அண்ணாச்சி?

பதில் 1:
அஞ்ச வேண்டாம், தம்பி. தேனிலும் இயல்பாகவே உள்ள குளுக்கோனிக் அமிலம் மிக மென்மையானது. ஆலைகளில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையைக் கொண்டு குளுக்கோஸிலிருந்து பெறப்படுகிறது. அதன் சோடியம் உப்பு, கால்சியம் அயனிகளைப் பற்றிக்கொண்டு, சிமெண்ட் துகள்களின் மேல் படிந்து நீரேற்றத்தை, அதாவது சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து இறுகுவதை, தாமதப்படுத்துகிறதே தவிர, அதில் குளோரைடு இல்லாததால் கம்பிக்குக் கேடு செய்வதில்லை.

பதில் 2:
அளவில்தான் கவனம் வேண்டும். சிமெண்ட் எடையில் 0.1 சதவீதத்தை ஒட்டிய அளவே பெரும்பாலும் போதும். மிகுந்தால் மறுநாளும் இறுகாது. முதலில் சிறு கலவையில் சோதியுங்கள்.

பதில் 3:
எங்கள் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவும் காரக் கரைசலிலும் இதைச் சேர்க்கிறோம். கிணற்று நீரின் உப்புப் படிவும் துருக்கறையும் நீங்குகின்றன. கடுங்காரத்தில் இரும்பைப் பற்றுவதில் சிட்ரிக் அமிலம் இதற்கு ஈடாகாது.