பழைய படங்களை இணையத்தில் ஏற்ற உதவி தேவை (பாம்பன் பகுதி)

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளித் தொன்மை மன்றப் (பழமையைப் பாதுகாக்கும் மாணவர் குழு) பிள்ளைகளும் ஊர் வரலாற்று ஆர்வலர்கள் சிலரும் சேர்ந்து, வீடுகளில் கிடக்கும் படங்கள், கடிதங்கள், பெரியவர்களின் பேச்சு எல்லாவற்றையும் இணையத்தில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல், அதற்குப் பயணிகளைக் கொண்டுவந்த போட் மெயில் ரயில், சுங்க அலுவலகம் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்ல அவர்கள்தான் மிச்சம். எங்கள் மாவட்டத்துப் பழைய துறைமுக ஊரான அழகன்குளத்தின் அகழாய்வைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. கரைவலை இழுத்த தாத்தாவின் கதைக்குத்தான் இல்லை.

சிக்கல் அனுமதியில். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, எடுத்துக்கொள்ளலாம். "எங்க அப்பா படம் காலண்டர்ல வந்துருமா சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதானே? குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்க, எளிய தமிழில் ஒப்புதல் படிவம் யாரிடமாவது இருக்கிறதா?

உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களைப் பிரிக்கத் தெரிந்தவர் மண்டபம், இராமநாதபுரம் பக்கம் உண்டா? கை வைக்கப் பயமாக இருக்கிறது. ஒலிப்பதிவில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கவும் வழி சொல்லுங்கள். பெரியவர்கள் கடற்கரையில் உட்கார்ந்தால்தான் பேசுகிறார்கள். வகுப்பறைக்குக் கூப்பிட்டால் வாயே திறப்பதில்லை. பழைய ஸ்கேனர் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.